17 கிலோமீட்டர்

அன்றைக்கு நான் 'சரிங்கய்யா' என்று சொல்லிவிட்டேன். இன்னும் உறுத்துவது அதுதான்.

"வண்டிய ரோட்டுக்கு எடுக்காமயே பாத்துருங்க தம்பி. போன தடவை வேற ஒரு கடையில பம்பரைத் தேச்சுட்டாங்க" என்றார் காரை ரிப்பேருக்கு விட வந்த பெரியவர். ஜாப் கார்டில் கிலோமீட்டர் 41,216 என்று எழுதிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன சரி.

முன்பக்கம் 'ஊம்' என்று ஒரு சத்தம். இடது சக்கரம் என்றார் அவர். லிஃப்ட்டில் ஏற்றிக் கையால் சுற்றினோம். இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போனால் அப்படித்தான். பாரத்தோடு 50, 60 வேகத்தில் ஓடும்போதுதான் கத்தும். ஒண்டிப்புதூரிலிருந்து சிந்தாமணிப்புதூர் போய் பைபாஸில் ஏற்றினேன். இடது பக்கம் லேசாக ஒடித்தால் சத்தம் கூடியது, வலது பக்கம் ஒடித்தால் அடங்கியது. இடது பக்கம் திரும்பினால் பாரம் வலது சக்கரத்தில் விழும். அப்படியென்றால் போனது வலது பேரிங். ஓட்டாமல் விட்டிருந்தால் நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு அதற்கு பில்லும் கொடுத்திருப்போம். மாற்றியபின் ஓட்டிப் பார்க்க இன்னொரு டிரையல்.

சாயங்காலம் வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். பின்பக்கம் பென்சிலில் 41,216. தாளையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மீட்டரில் 41,233.

பேரிங், பாரம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கூப்பிட்டிருந்தா நானும் கூட வந்திருப்பனே தம்பி."

அவ்வளவுதான். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

ஓட்டியது சரிதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். ஓட்டிப் பார்க்காமல் சாவி கொடுக்கிற கடையில் என் வண்டியை விடமாட்டேன். ஆனால் பைபாஸில் யாராவது வந்து இடித்திருந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்? அவர் நம்பர் கார்டிலேயே இருந்தது. கேட்கத் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. அது உண்மையில்லை. சிக்னலில் நின்றபோது அவர் ஞாபகம் வந்தது. கூப்பிட்டால் வேண்டாம் என்பார் என்றும் தோன்றியது. பச்சை விழுந்ததும் போய்விட்டேன்.

இப்போதெல்லாம் டிரையலுக்குச் சம்மதமா என்று கேட்டு கார்டில் கையெழுத்து வாங்குகிறேன். முந்தாநாள் ஒருவர் பிரேக் பேட் மாற்ற விட்டுவிட்டு, டிரையல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கூட வாங்க என்றேன், நேரமில்லை என்றார். பெடலை மிதித்து மிதித்து இறுக்கம் வந்தபின், கடை வாசலைத் தாண்டாமல் முன்னும் பின்னும் நாலு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்று தோன்றியதும் ஃபோன் போட்டு, பிரேக் எப்படிப் பிடிக்குதுங்க என்று கேட்டேன்.