எட்டு மூன்றாகிப்போன எஃப்.சி.

என்னிடம் இருக்கும் ஒரே பத்துச் சக்கர லாரிக்கு 8 வயது முடிந்துவிட்டதால், 2 ஆண்டுக்கு ஒருமுறை காட்டிவந்த எஃப்.சி.யை, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கான சோதனையை, இனி ஆண்டுதோறும் காட்ட வேண்டும். டிங்கர் வேலை, பெயிண்ட், புகைச் சான்று, காலாண்டு வரி, பசுமை வரி எல்லாம் பள்ளிகொண்டாவிலும் வேலூரிலுமாகப் பத்து நாளில் முடிந்தன.

காட்டிய அன்று வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர், சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) மேலிருந்த கிரீஸைத் துடைக்கச் சொல்லி, அதில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான ஸ்பீடு கவர்னரின் சான்றிதழில் அந்த எண்ணின் கடைசிக்கு முந்தைய இலக்கம் 8 என்பதற்குப் பதில் 3 என்றிருந்தது. வண்டி திரும்பியது. அவரைக் குறை சொல்ல முடியாது, கடையிலேயே ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடாமல் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தவன் நான்தான்.

கருவியைப் பொருத்திய கடைக்காரரோ, "உங்க வண்டியிலதாண்ணே நம்பர் தேஞ்சிருக்கும்" என்று சாதித்தார். பெயிண்ட் கனமாக ஏறினால் எண்ணின் பள்ளம் அடைபட்டுவிடும் என்பதால், பட்டறைக்கு விடும் முன்பே அதன்மீது வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். அதை அவர் மேசைமேல் விரித்தபோது, 8-இன் இரண்டு வளையங்களும் பளிச்சென்று தெரிந்தன. அதன்பின் அவர் பேசவில்லை. எஃப்.சி.க்கு விடும் யாரும் இந்தப் பிரிண்டை எடுக்காமல் பெயிண்ட் அடிக்க விட வேண்டாம்.

இருந்தும் திருத்தம் இணையத்தில் ஏற 4 நாள் ஆனது. அதற்குள் ராணிப்பேட்டையில் ஏற்ற வேண்டிய தோல் லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது; ஒரு நடை வாடகை போனது மட்டுமல்லாமல், சும்மா நின்ற நாட்களுக்கும் டிரைவருக்குப் படி கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை போனபோது வரிசையில் நிற்கையில்தான், தார்ப்பாய்க் கயிறு உரசிப் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒரு முழம் உரிந்திருப்பதைக் கண்டேன். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என இரண்டும் சரியாக இருந்தும் பயனில்லை. பக்கத்துக் கடையில் சொன்ன விலைக்கு வாங்கி, கைக்குட்டையால் தூசியைத் துடைத்து ஒட்டிவிட்டு மீண்டும் வரிசைக்கு வந்தேன்.

பழைய சான்று முடிய 2 நாள் இருக்கையில் புதியது கிடைத்தது. வாசலிலேயே நின்று சேசிஸ் எண்ணை மூன்று முறை வாசித்த பிறகே வண்டியை எடுக்கச் சொன்னேன்.