கசாண்ட்ராவ மொத்தமா அழிச்சு திரும்ப கொண்டு வந்தாச்சு: ஸ்னாப்ஷாட், ஆர்சிங்க், என்எஃப்எஸ்

வீட்டுல ஓட்டற கசாண்ட்ரா டேட்டாபேஸோட பேக்கப் உண்மையிலயே வேலை செய்யுதான்னு பாக்க, மூணு நோடோட (க்ளஸ்டர்ல இருக்கற மெஷின்) பிவிசியையும் (டேட்டா இருக்கற டிஸ்க் இடம்) டெலீட் பண்ணி, காலி க்ளஸ்டர மேல கொண்டு வந்து, பேக்கப்ல இருந்து எல்லா டேபிளையும் திரும்ப ஏத்தியாச்சு. க்ராஃபானால பழைய கிராஃப் எல்லாம் அப்படியே வந்து நிக்குது. ரொம்ப சந்தோஷம், அதான் சூட்டோட சூடா எழுதிடறேன்.

செட்டப் தெரியாதவங்களுக்கு: கே3எஸ் (சின்ன குபர்நெடிஸ்), மூணு பழைய மினி பிசி, கசாண்ட்ரா 4.1, அதை ஓட்ட ஸ்டேட்ஃபுல்செட், ஸ்டோரேஜுக்கு லோக்கல்-பாத் (அந்தந்த மெஷினோட சொந்த டிஸ்க்), ரெப்ளிகேஷன் 3 (ஒவ்வொரு டேட்டாவுக்கும் மூணு காப்பி). மாடி சென்சார், தண்ணி டேங்க் லெவல், கரண்ட் மீட்டர் ரீடிங் எல்லாம் இதுல தான் போகுது. "மூணு காப்பி இருக்கே, பேக்கப் எதுக்கு"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. ரெப்ளிகேஷன் டிஸ்க் செத்தா காப்பாத்தும், அவ்ளோ தான். ட்ரங்கேட் (டேபிள்ல இருக்கறத மொத்தமா காலி பண்றது) அடிச்சா மூணு நோட்லயும் உடனே ஒழுங்கா ட்ரங்கேட் ஆகும், அதுல ரெப்ளிகேஷன் ஒண்ணும் பண்ண முடியாது.

நோட்டூல் (கசாண்ட்ராவோட கமாண்ட் டூல்) ஸ்னாப்ஷாட் பத்தி எல்லாருக்கும் தெரியும், மெம்டேபிள (மெமரில இருக்கற டேட்டா) டிஸ்க்குக்கு ஃப்ளஷ் பண்ணிட்டு எஸ்எஸ்டேபிள் (டிஸ்க்ல இருக்கற டேட்டா) ஃபைலுக்கெல்லாம் ஹார்ட்லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பேர், காப்பி இல்ல) போட்டு ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டர்ல வைக்கும், கண் இமைக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா அது இருக்கறது அதே டிஸ்க்ல, அதே பிவில (பிவிசி கேட்டு வாங்கற டிஸ்க் வால்யூம்). டிஸ்க் போனா ஸ்னாப்ஷாட்டும் போச்சு. அதுக்கு மேல, கம்பாக்‌ஷன் (எஸ்எஸ்டேபிள்கள சேர்த்து ஒண்ணா திரும்ப எழுதற வேலை) பழைய ஃபைல தூக்கினாலும் ஸ்னாப்ஷாட் அதைப் பிடிச்சு வச்சிருக்கும், இடம் ரிலீஸ் ஆகாது, அதனால வெளிய காப்பி எடுத்ததும் க்ளியர்ஸ்னாப்ஷாட் அடிக்கறது கட்டாயம். சரி, ஸ்னாப்ஷாட்டே வேணாம், லைவ் டேட்டா ஃபோல்டர நேரா ஆர்சிங்க் (மாறின ஃபைல மட்டும் காப்பி பண்ற டூல்) பண்ணலாமேன்னா, நடுவுல கம்பாக்‌ஷன் ஓடி ஃபைல் காணாம போய் ஆர்சிங்க் 24ன்னு எக்ஸிட் கோட் குடுக்கும், எது முழுசு எது பாதின்னு யாருக்குத் தெரியும்?

அடுத்தது, இதை எங்க இருந்து ஓட்டறது. க்ரான்ஜாப் (குபர்நெடிஸ்ல நேரம் வச்சு ஓடற வேலை) தான் எல்லாருக்கும் முதல்ல தோணும். வால்யூமோட அக்செஸ் மோட் ரீட்ரைட்ஒன்ஸ்னா அதை ஒரே பாட் தான் (பாட்னா சேர்ந்து ஓடற கண்டெய்னர் தொகுப்பு) மவுண்ட் பண்ணலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது இல்ல, ஒரே நோட். லோக்கல்-பாத்ல நோட் அஃபினிட்டி பிவிலயே இருக்கறதால க்ரான்ஜாப் பாட் அதே மெஷின்ல போய் உக்காந்துக்கும், மவுண்ட்டும் ஆகும். லாங்ஹார்ன் மாதிரி நெட்வொர்க் ஸ்டோரேஜோ க்ளவுட் டிஸ்க்கோ வச்சிருக்கறவங்களுக்கு வேற நோட்ல பாட் விழுந்தா மல்டி-அட்டாச் எரர் வந்து நிக்கும். எனக்கு மவுண்ட் பிரச்சனை இல்ல, நோட்டூல் தான் பிரச்சனை. நோட்டூல் கசாண்ட்ராவோட பேசற ஜேஎம்எக்ஸ் போர்ட் 7199 டிஃபால்ட்டா லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும் தான் கேக்கும், அதை வெளிய திறந்து விடறதுல எனக்கு துளியும் இஷ்டமில்ல. அதனால சைட்கார், அதாவது கசாண்ட்ரா பாட்லயே கூட ஓடற இன்னொரு கண்டெய்னர். ஒரே பாட்ல இருக்கற கண்டெய்னர்களுக்கு நெட்வொர்க் ஒண்ணு தான், சைட்கார்ல இருந்து 127.0.0.1 அடிச்சா கசாண்ட்ரா எடுக்கும், டேட்டா வால்யூமையும் ரெண்டு கண்டெய்னர்லயும் மவுண்ட் பண்ணிக்கலாம். இமேஜ் அஃபிஷியல் கசாண்ட்ரா இமேஜ் தான், மேல ஆர்சிங்க் மட்டும் இன்ஸ்டால் பண்ணிக்கிட்டேன்.

ஒரு சைட் நோட்: பழைய 3.11 இமேஜ்ல புது ஜாவா போட்டு வச்சிருக்கறவங்களுக்கு நோட்டூல் அடிச்சா ஐபிவி6 அட்ரஸ் தப்புன்னு ஒரு எரர் வரும். ஏப்ரல் 2022ல வந்த ஜாவா அப்டேட், அதாவது 8லயும் 11லயும், ஆர்எம்ஐ யூஆர்எல் பார்சிங்க கெடுபிடி ஆக்கினதால வந்தது அது. லெகசி பார்சிங் ஃப்ளாக் ஒண்ணு குடுத்தா போயிடும், இல்ல கசாண்ட்ராவ அப்டேட் பண்ணிடுங்க.

இப்போ என்னோட ஃபேவரைட் மேட்டருக்கு வரேன், ஆர்சிங்கோட லிங்க்-டெஸ்ட் (--link-dest) ஆப்ஷன். தினம் முழு காப்பி எடுத்தா நாஸ் (பேக்கப் போற நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) ரொம்ப சீக்கிரம் ரொம்பிடும். எஸ்எஸ்டேபிள் ஒரு தடவை எழுதினா மாறாது, அதனால நேத்து எடுத்த ஃபைல் இன்னிக்கும் அப்படியே இருந்தா காப்பி பண்ணாம நேத்தைய ஃபைலுக்கு ஒரு ஹார்ட்லிங்க் போட்டுக்கலாம், லிங்க்-டெஸ்ட் அதைத் தான் பண்ணுது. ஒவ்வொரு நாள் ஃபோல்டரும் பாக்க முழு பேக்கப் மாதிரி இருக்கும், ஆனா புதுசா வந்த ஃபைலுக்கு மட்டும் தான் இடம் போகும். பழைய நாள் ஃபோல்டர தூக்கிப் போட்டாலும் மத்த நாளுக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா கசாண்ட்ராவோட இதை சேர்க்கும்போது ஒரு சிக்கல் இருக்கு, அதை யாரும் சரியா எழுதி நான் பாக்கல. லிங்க்-டெஸ்ட் ஃபைல தேடறது ரிலேட்டிவ் பாத்த வச்சு. ஸ்னாப்ஷாட்டோட பாத் எப்படி இருக்கும்? கீஸ்பேஸ் (டேபிள்கள சேர்த்து வைக்கற தொகுப்பு), அடுத்து டேபிள் பேரும் ஐடியும் சேர்ந்த ஃபோல்டர், அடுத்து ஸ்னாப்ஷாட்ஸ், அடுத்து டேக் பேரு (ஸ்னாப்ஷாட்டுக்கு நாம வைக்கற பேர்), அதுக்குள்ள தான் ஃபைல். டேக் பேரா தேதி வைக்கறது தான் எல்லாரோட பழக்கம். அப்போ நேத்தைய பாத்ல நேத்தைய தேதி, இன்னிக்கு பாத்ல இன்னிக்கு தேதி, ரெண்டும் எந்த ஜென்மத்துலயும் மேட்ச் ஆகாது, ஆர்சிங்க் எல்லாத்தையும் புது ஃபைலா நினைச்சு முழுசா காப்பி பண்ணிடும். எரர் ஒண்ணும் வராது, லாக் பாத்தா எல்லாம் ஓகேன்னு இருக்கும், டிஸ்க் மட்டும் ரொம்பிக்கிட்டே போகும். டேக் பேர எப்பவும் ஒரே பேரா வச்சுக்கறது ஒரு வழி. ஆனா அதே பேர்ல ஸ்னாப்ஷாட் ஏற்கெனவே இருந்தா நோட்டூல் ஒத்துக்காது, அதனால முதல்ல க்ளியர், அப்புறம் ஸ்னாப்ஷாட். எனக்குப் பிடிச்ச வழி வேற: டேபிள் டேபிளா லூப் போட்டு, டேக் ஃபோல்டருக்கு உள்ள இருக்கறத மட்டும் தேதி, பாட் பேரு, கீஸ்பேஸ், டேபிள்ங்கற வரிசைல நாஸ்ல வைக்கறது. டேக் பேரே டெஸ்டினேஷன்ல வராது. ரீஸ்டோர் பண்ணும்போதும் ஒரு டேபிள்னா ஒரு ஃபோல்டர், சுத்தமா இருக்கு.

பாட் பேரு பாத்ல கட்டாயம் இருக்கணும், ஏன்னா மூணு நோட்லயும் ஃபைல் நம்பர் ஒண்ணுல இருந்து தான் ஆரம்பிக்கும், ஒரே ஃபோல்டர்ல கொட்டினா ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடும். 4.1ல எஸ்எஸ்டேபிள் பேருக்கு யூயூஐடி வைக்கற செட்டிங் வந்திருக்கு, அதை ஆன் பண்ணா இந்தப் பயம் இல்ல, இருந்தாலும் நான் பாட் பேர விடமாட்டேன்.

இன்னும் ரெண்டு விஷயம் இதுலயே. லிங்க்-டெஸ்ட்டுக்கு ரிலேட்டிவ் பாத் குடுத்தா அது டெஸ்டினேஷன் ஃபோல்டர்ல இருந்து கணக்கு, நீங்க நிக்கற ஃபோல்டர்ல இருந்து இல்ல. பாத் தப்பா இருந்தா ஒரு வார்னிங் குடுத்துட்டு முழு காப்பிக்குப் போயிடும். முழு பாத் குடுத்துடுங்க, தலைவலி இல்ல. டைம்ஸ்டாம்ப்பயும் காப்பி பண்ணனும், இல்லன்னா அடுத்த நாள் எல்லா ஃபைலும் வேற மாதிரி தெரியும். வேலை செய்யுதான்னு பாக்க ஐநோட் நம்பர் (டிஸ்க்ல ஒரு ஃபைலுக்கு இருக்கற அடையாள எண்) பாருங்க, ரெண்டு நாள் ஃபோல்டர்லயும் அதே டேட்டா ஃபைலுக்கு நம்பர் ஒண்ணா இருக்கணும். எனக்கு எல்லா டேட்டா ஃபைலும் ஒண்ணா இருந்துச்சு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஃபைல் மட்டும் சிலது வேற. அது சரி தான், ரிப்பேர் (நோட்களோட டேட்டாவ ஒப்பிட்டு ஒண்ணாக்கறது) மார்க்கோ லெவலோ மாறும்போது கசாண்ட்ரா அந்த ஒரு ஃபைல மட்டும் திரும்ப எழுதும், சைஸ் சின்னது தான்.

இந்த முறை எவ்ளோ லாபம்ங்கறது கம்பாக்‌ஷன் ஸ்ட்ராட்டஜி கையில இருக்கு. சைஸ் டயர்ட் வச்சிருந்தா பெரிய ஃபைல் நாலு சேர்ந்து இன்னொரு பெரிய ஃபைல் ஆகும்போது அது மொத்தமும் அன்னிக்கு காப்பி ஆகும். சென்சார் டேட்டாவுக்கு டைம் விண்டோ தான் வச்சிருக்கேன், ஒரு நாளுக்கு ஒரு விண்டோ, பழைய விண்டோவ அது தொடவே தொடாது. அதனால தினமும் கடைசி விண்டோ மட்டும் தான் நாஸுக்குப் போகுது. டைம் சீரிஸ் டேட்டா வச்சிருக்கறவங்களுக்கு இதை விட நல்ல காம்பினேஷன் இல்லன்னு அடிச்சு சொல்லுவேன்.

நாஸ் பக்கம் (என்எஃப்எஸ்ங்கற நெட்வொர்க் ஃபைல் ஷேர் வழியா மவுண்ட்): பிவி ஸ்டாட்டிக்கா எழுதி, ரீட்ரைட்மெனி, ரீடெய்ன் பாலிசி. பிவிசில ஸ்டோரேஜ் க்ளாஸ காலி ஸ்ட்ரிங்கா குடுக்கணும், விட்டுட்டா டிஃபால்ட் லோக்கல்-பாத் வந்து ஒட்டிக்கும். ரூட் ஸ்குவாஷ (ரூட் யூசரா வந்தா சாதாரண யூசரா மாத்தற என்எஃப்எஸ் செட்டிங்) ஆஃப் பண்ண சொல்லி நிறைய பேர் எழுதியிருக்காங்க, தேவையே இல்ல. அஃபிஷியல் இமேஜ்ல கசாண்ட்ரா யூசரோட ஐடி 999. சைட்காரையும் 999ஆ ஓட்டி, நாஸ்ல அந்த ஃபோல்டர் ஓனரையும் 999 ஆக்கிட்டா முடிஞ்சது. ரூட்டா ஓட்டினா தான் ஆர்சிங்க் ஓனர் மாத்தப் போய் அடி வாங்கும்.

டிஸ்க் வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டரை இன்ச் யூஎஸ்பி டிஸ்க் மலிவா கிடைக்குதுன்னு அள்ளிட்டு வராதீங்க, அதுல நிறைய எஸ்எம்ஆர் (ட்ராக் ஒண்ணு மேல ஒண்ணு ஏறின மாதிரி எழுதறது), தொடர்ந்து எழுதும்போது கொஞ்ச நேரத்துல வேகம் படுத்துடும். மாடல் நம்பர வச்சு சிஎம்ஆர் (ட்ராக் தனித்தனியா எழுதறது) தானான்னு பாத்துட்டு வாங்குங்க, கடைக்காரர் "எல்லாம் ஒண்ணு தான் சார்"னு சொல்லுவார், ஒண்ணு இல்ல. எக்ஸ்ஃபேட்ல இருந்தா ஹார்ட்லிங்கே கிடையாது, ஈஎக்ஸ்டி4 போட்டுக்குங்க.

ரீஸ்டோர் டெஸ்ட் பத்தி. ட்ராப் டேபிள் அடிச்சு டெஸ்ட் பண்றது டெஸ்டே இல்ல. கசாண்ட்ரால ஆட்டோ ஸ்னாப்ஷாட் டிஃபால்ட்டா ஆன், ட்ராப் பண்ணாலும் ட்ராப்ட்னு பேர் போட்ட ஸ்னாப்ஷாட் டிஸ்க்லயே உக்காந்திருக்கும், டேட்டா எங்கயும் போகல. அதனால தான் ஸ்டேட்ஃபுல்செட்ட ஸீரோ ஆக்கி பிவிசியவே டெலீட் பண்ணேன், லோக்கல்-பாத்ல ரீக்ளெய்ம் டெலீட், உண்மையாவே அழிஞ்சிடும்.

காலி க்ளஸ்டர் வந்ததும் முதல்ல ஸ்கீமா (டேபிள்களோட அமைப்பு). ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்குள்ளயும் அந்த டேபிளோட ஸ்கீமா ஃபைல் இருக்கும், ஆனா கீஸ்பேஸ் அதுல வராது. அதனால தினமும் சிக்யூஎல்ஷெல்ல இருந்து டிஸ்க்ரைப் ஸ்கீமா வித் இன்டர்னல்ஸ் எடுத்து தனியா வைக்கறேன், டேபிள் ஐடி, ட்ராப் பண்ண காலம் (டேபிளோட நெடுவரிசை) விவரம் எல்லாம் அதுல வந்துடும். அப்புறம் நோட்டூல் இம்போர்ட். 4.0ல வந்தது இது, பழைய ரெஃப்ரெஷ் மாதிரி ஐடி இருக்கற ஃபோல்டர தேடித் தேடி ஃபைல திணிக்க வேண்டியதில்ல, எந்த ஃபோல்டரையும் காட்டலாம். ஆனா கவனம், இம்போர்ட் டிஃபால்ட்டா ஃபைல நகர்த்தும், காப்பி பண்ணாது. பேக்கப் ஃபோல்டர நேரா காட்டவே கூடாது. டேட்டா வால்யூம்ல ஒரு தற்காலிக ஃபோல்டர் போட்டு, நாஸ்ல இருந்து அங்க இறக்கி, அதை காட்டுங்க.

டோக்கன் (எந்த டேட்டா எந்த நோட்டோடதுன்னு பிரிக்கற நம்பர்) பத்தி கவலைப்படறவங்களுக்கு: புது க்ளஸ்டர்ல டோக்கன் எல்லாம் புதுசு தான், ஆனா மூணு நோட், ரெப்ளிகேஷன் 3ன்னா எல்லா நோடும் எல்லா டேட்டாவுக்கும் ஓனர். இம்போர்ட் பண்ற டோக்கன் செக்கும் சத்தமில்லாம பாஸ் ஆயிடுச்சு. மூணு நோட்லயும் ஸ்னாப்ஷாட் ஒரே நிமிஷத்துல எடுத்தாலும் துல்லியமா ஒரே நொடி இல்ல, அதனால கடைசியா ஃபுல் ரிப்பேர் ஒண்ணு ஓட்டிட்டேன். ஒரே ஒரு நோட் மட்டும் செத்தா இந்தப் பேக்கப்ப தொடாதீங்க, ரிப்ளேஸ் அட்ரஸ் குடுத்து மத்த ரெண்டுல இருந்து ஸ்ட்ரீம் ஆக விடுங்க. ஜிசி க்ரேஸ் (டெலீட் பண்ணதுக்கான அடையாளத்த கசாண்ட்ரா வச்சிருக்கற காலம்) டிஃபால்ட் 864000 செகண்ட், அதாவது 10 நாள். அதை விடப் பழைய பேக்கப்ப ஒரு நோட்ல மட்டும் ஏத்தினா டெலீட் பண்ணது எல்லாம் உயிரோட எழுந்து வரும்.

கசாண்ட்ரா பேக்கப்புக்குன்னே மெடூசா இருக்கே, ஸ்பாட்டிஃபையும் தி லாஸ்ட் பிக்கிளும் சேர்ந்து பண்ணது, அதை ஏன் போடலன்னு கேப்பீங்க. நல்ல டூல் தான், ஆஃபீஸ்ல க்ளஸ்டர் வச்சிருக்கறவங்க அதைப் போடுங்க. வீட்டுல எனக்கு ஒவ்வொரு ஃபைலும் எங்க போகுதுன்னு கண்ணால பாக்கணும்.

இன்னும் முடியாதது சில இருக்கு. ஹார்ட்லிங்க் பேக்கப்ல எத்தனை நாள் ஃபோல்டர் இருந்தாலும் ஃபைல் ஒண்ணே ஒண்ணு தான், டிஸ்க்ல அது கெட்டா எல்லா நாளும் கெட்டுச்சு. ஒவ்வொரு எஸ்எஸ்டேபிளோடயும் டைஜஸ்ட் சிஆர்சி32 ஃபைல் வருது, அதுல இருக்கற நம்பரோட டேட்டா ஃபைலோட சிஆர்சிய ஒப்பிட சின்ன பைத்தான் ஸ்க்ரிப்ட் எழுதிட்டு இருக்கேன், பாதில இருக்கு. ரெஸ்டிக்ங்கற பேக்கப் டூல் வச்சு வீட்டுக்கு வெளிய ஒரு காப்பி அனுப்பணும். அதை விட அவசரம் என்னன்னா, என்எஃப்எஸ் மவுண்ட் கசாண்ட்ரா பாட்லயே இருக்கறதால நாஸ் ஆஃப்ல இருக்கும்போது பாட் ரீஸ்டார்ட் ஆனா கண்டெய்னர் க்ரியேட்டிங்லயே நின்னுடும். கரண்ட் போய் வந்தா எது முதல்ல எழும்னு யாருக்குத் தெரியும். பேக்கப்புக்காக டேட்டாபேஸ் நிக்கறதா? மவுண்ட்ட தூக்கிட்டு நாஸ்ல ஆர்சிங்க் டீமன் ஓட்டி சைட்கார்ல இருந்து தள்ளறது தான் அடுத்த வேலை. லிங்க்-டெஸ்ட் பாத் அப்போ நாஸ் பக்கத்துல கணக்கு, மாட்யூலோட (டீமன் வெளிய காட்டற ஃபோல்டர்) ரூட்ல இருந்து எழுதணும், அதனால ஸ்க்ரிப்ட்ல அந்த வரிய மாத்தி திரும்ப ஐநோட் நம்பர் பாத்து ஆரம்பிக்கணும்.