ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளி

சிங்கப்பூர் போகும் நம்மவர்கள் தேக்காவில் சாப்பிட்டு, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, முஸ்தபாவில் பெட்டி கொள்ளாமல் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். தேக்கா சந்தை முனையில் சாலையைக் கடந்து சிலேகி சாலைப் பக்கம் சிறிது தூரம் நடந்தால் ஷார்ட் ஸ்ட்ரீட் வந்துவிடும். பெயருக்கேற்ற சின்னத் தெரு. தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றும், கூட்டம் அலைமோதும் சோயா பால் கடை ஒன்றும் இருக்கின்றன. இன்று அந்நாட்டில் பெண்ணுக்கு இடம் கிடைத்தால் பெற்றோர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி, 1887 ஆகஸ்ட் 15 அன்று இந்தத் தெருவின் ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளுடன் தொடங்கியது. அப்போது அதன் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி.

தொடங்கியவர் சோபியா பிளாக்மோர். ஆஸ்திரேலியாவின் கோல்பர்ன் ஊரில் 1857-இல் பிறந்தவர். இசபெல்லா லியோனார்ட் என்ற அமெரிக்கச் சுவிசேஷகியுடன் இந்தியா வந்து, அங்கிருந்து கப்பலேறி 1887 ஜூலையில் சிங்கப்பூரில் இறங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் அங்கே மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கியிருந்தார். பெண்களிடையே வேலை செய்ய ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, பனியில் உறையும் மினசோட்டாவிலிருந்து மேரி நிண்ட் என்ற அம்மையார் 3,000 டாலருக்குப் பொறுப்பேற்றார். ஆக, ஆஸ்திரேலியப் பெண், அமெரிக்கப் பணம், ஆங்கிலேயர் ஆண்ட துறைமுகம், முதல் மாணவிகளோ தமிழ்ப் பிள்ளைகள்!

வந்து ஒரு மாதத்துக்குள் முன்பின் தெரியாத ஊரில் பள்ளி திறப்பது ஒருவரால் ஆகிற காரியமா? தங்கள் வீட்டுப் பெண்கள் படிக்க வேண்டும் என்று நினைத்த தமிழ் வணிகர்கள் இடத்துக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் கைகொடுத்தார்கள். சென்ற இடமெல்லாம் சோபியா அம்மையாரின் படத்தைப் பார்த்தேன். அந்த வணிகர்களைப் பற்றி யாரும் பேசக் காணோம். எனக்கு இதில் சற்று வருத்தம்தான். பிற இனத்துப் பிள்ளைகளும் சேரத் தொடங்கியதும் பள்ளிப் பெயரிலிருந்து 'தமிழ்' போய்விட்டது. அது நியாயமான மாற்றம்தான் என்றாலும்.

சோபியாவின் உண்மையான பாடு பெரானாக்கான் வீடுகளில்தான் தொடங்கியது. பெரானாக்கான் என்பவர்கள் அங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்து மலாய் பேசத் தொடங்கிய சீனர்கள்; அவர்கள் வீட்டுப் பெண்களை நோன்யா என்பார்கள். தெலுக் ஆயர், குரோஸ் ஸ்ட்ரீட் பக்கம் எஞ்சியிருக்கும் பழைய கடைவீடுகளைப் பார்த்தால் ஓரளவு புரியும். முகப்பு பத்துப் பதினைந்து அடிதான். உள்ளே நீண்டுகொண்டே போகிறது. நடுவில் வானம் பார்த்த முற்றம், வெளிச்சமெல்லாம் அதன் வழியாக வருவதுதான். வயதுக்கு வந்த நோன்யா பெண்கள் கல்யாணம் வரை இதற்குள்ளேயே இருந்தார்கள். வாசலுக்கு ஆள் வந்தால் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பதோடு சரி. செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டு தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த வாசல்களைத்தான் சோபியா ஒவ்வொன்றாகத் தட்டினார். அவ்வீட்டுப் பெண்கள் பேசியது மலாய். எனவே மலாய் கற்றுக்கொண்டார். பெண்ணைப் படிக்கவைத்துச் சம்பளத்துக்கு அனுப்பவா போகிறோம் என்பதுதான் தாய்மார்களின் பெரிய ஆட்சேபம். கடைசியில் தான் கியோங் சாய்க் என்ற வணிகர் துணை நின்றார். நோன்யா பூன் என்ற பெண்மணி குரோஸ் ஸ்ட்ரீட்டில் இருந்த தம் வீட்டையே திறந்துவிட்டார். 1888-இல் அங்கே எட்டுச் சிறுமிகளுடன் தொடங்கியதுதான் பிற்பாடு ஃபேர்ஃபீல்டு பள்ளி ஆனது. படிக்க வெளியே அனுப்பமாட்டோம் என்றவர்களிடம், சரி, நீங்கள் அறிந்த வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று வழி கண்டிருக்கிறார். கெட்டிக்காரி.

மதம் மாற்றத்தானே வந்தார் என்று கேட்கலாம். ஆம், அதை அவர் ஒளிக்கவில்லை. அனுப்பிய பெற்றோருக்கும் அது தெரிந்தே இருக்கும். அவர்களுக்கு வேண்டியது எழுத்தும் தையலும், இவருக்கு வேண்டியது வேதம். இரு தரப்பும் கணக்குப் பார்த்தே கொடுத்து வாங்கின என்று எனக்குத் தோன்றுகிறது. வீராசாமி சாலையை ஒட்டியுள்ள கம்போங் கபோர் மெதடிஸ்ட் தேவாலயத்துக்குப் போனால் அந்தக் கணக்கின் இன்னொரு பக்கம் தெரிகிறது. மலாய் பேசிய சீனர்களுக்காக 1894-இல் அவர் உருவாக்கிய சபை அது. இப்போதைய கட்டடம் பிற்காலத்தது. சீன முகங்களுக்காக மலாய் மொழியில் எழுந்த சபை, இன்று லிட்டில் இந்தியாவின் நடுவில்! சிங்கப்பூரை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

சிலேகியிலிருந்து மேடேறும் சோபியா சாலைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. மவுண்ட் சோபியா என்ற பெயர் அவர் பிறக்கும் முன்பே இருந்தது. ஆனால் வாழ்ந்தது இந்தப் பக்கம்தான். பெற்றோர் இல்லாத பிள்ளைகளையும் விடுதி மாணவிகளையும் தம்முடன் வைத்து வளர்த்தார். ஷார்ட் ஸ்ட்ரீட் பள்ளியும் பின்னர் இந்த மேட்டுக்கு வந்தது. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. பழைய கட்டடங்களில் சிலவற்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். வெயிலில் ஏறினால் மூச்சு வாங்கும், தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

1928-இல் ஓய்வு பெற்று ஆஸ்திரேலியா திரும்பிய சோபியா, 1945-இல் தம் 87-ஆம் வயதில் காலமானார். அவர் பெயரில் உண்மையிலேயே ஒரு சாலை இருக்கிறது: புக்கித் தீமா பகுதியில் பிளாக்மோர் டிரைவ். 1992-இல் பள்ளி அங்கே குடிபெயர்ந்தது. கிங் ஆல்பர்ட் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். இயங்கிவரும் பள்ளி என்பதால் உள்ளே விடமாட்டார்கள். நேரம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு ஷார்ட் ஸ்ட்ரீட்டுக்கும் கம்போங் கபோருக்கும் போங்கள். இரண்டும் தேக்காவிலிருந்து நடை தூரம்தான், பஸ் டிக்கெட்கூட வேண்டாம்.