தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

சோர்வை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு வேலை, பள்ளிக்கூட வேலை, நாற்பது வயது என்று அதற்குக் காரணங்கள் தயாராக இருக்கும். எனக்கும் ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது. திருச்சியில் ஒரு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். மதியத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நிற்க முடியாமல் போனது. தினமும் பார்க்கிற பிள்ளைகளின் பெயரே வாயில் வராது. குரல் கம்மிப்போய்க் கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை. முடி கொட்டியது, மலச்சிக்கல் வந்தது, காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது. இதையெல்லாம்விட எனக்குப் புரியாதது குளிர். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, நான் மட்டும் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வை தேடினேன்.

மருத்துவரிடம் போனது இவை எதற்காகவும் இல்லை. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமானதற்காக. ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சோர்வுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டும் தேறவில்லை. அப்புறம் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் சொல்லி, வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். வயதான அம்மா. அவர் முதலில் நாடியைப் பிடித்தார்; துடிப்பு நிமிடத்துக்கு 54. கழுத்தில் விரல் வைத்து எச்சில் விழுங்கச் சொன்னார். பிறகு குதிகால் தசைநாணில் சின்ன சுத்தியலால் தட்டிவிட்டு, பாதம் எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்று கவனித்தார். “தைராய்டு எப்பவாவது பாத்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். அதுவரை யாரும் பார்க்கச் சொன்னதில்லை.

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 48 என்று வந்தது. இருக்கவேண்டிய அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. அந்த எண்ணைப் பார்த்ததும் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றுதான் என் கணவர் நினைத்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டிஎஸ்ஹெச் கழுத்தில் இருக்கும் தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘இன்னும் சுர’ என்று தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. தைராய்டு சோர்ந்துவிட்டால் உத்தரவின் அளவு ஏறிக்கொண்டே போகும். எனக்குத் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 (தைராக்சின்) மிகக் குறைவு, டிஎஸ்ஹெச் மிக அதிகம். ஆன்டி டிபிஓ என்ற இன்னொரு பரிசோதனையும் உயர்ந்திருந்ததால், இது ஹாஷிமோட்டோ வகை என்றார் மருத்துவர். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கி மெல்ல அழிப்பது. ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912ல் இதை விவரித்தபோது அவர் ஆராய்ந்த நான்கு பேருமே பெண்கள். இன்றைக்கும் பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

“உப்பை மாத்தினா சரியாயிடுமா டாக்டர்?” என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலையைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவர்களுடையது. நாங்கள் அயோடின் கலந்த உப்பைத்தான் பயன்படுத்துகிறோம். என் சிக்கல் அயோடின் போதாததால் வந்ததில்லை. தேவைக்கு மேல் அயோடின் எடுத்தால் ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு இன்னும் மோசமாகக்கூடும் என்றார் மருத்துவர்.

லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் எழுதினார். ஆயுள் முழுக்க மாத்திரை என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பொறுமையாக ஒரு பழைய சங்கதியைச் சொன்னார். 1891ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு முற்றிலும் குறைந்துபோன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அந்த மருந்தோடு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு முன் இந்த நோய் முற்றினால் செய்வதற்கு எதுவுமே இல்லையாம். நம் உடம்பு தானே செய்துகொண்டிருந்த அதே டி4தான் இப்போது மாத்திரையாக வருகிறது; அடிமையாக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. அதைக் கேட்டபிறகு மனம் கொஞ்சம் அடங்கியது.

ரத்தத்தில் பாதி டி4 கழியவே ஒரு வாரம் பிடிக்கும். அதனால் அளவு நிலைக்குவர ஆறு வாரமாவது ஆகும். அதற்கு முன் பரிசோதித்துப் பயனில்லை. காத்திருந்து எடுத்த பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 31. அவ்வளவுதான் குறைந்திருந்தது. நான் துவண்டுபோனேன். மருத்துவர் உடனே அளவைக் கூட்டவில்லை. “காலைல எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிடறீங்க, வரிசையாச் சொல்லுங்க” என்றார்.

ஐந்தரைக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை, கையோடு ஃபில்டர் காபி, ஏழு மணிக்கு இட்லியோடு இரும்புச்சத்து மாத்திரை. மருந்துக் கடையில் சொன்னது ‘வெறும் வயிற்றில்’ என்பது மட்டும்தான். எங்கள் வீட்டில் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் அப்படித்தான் இருக்கும். ஆனால் காபி இந்த மாத்திரையைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. இரும்பும் கால்சியமும் அதைவிட மோசம், மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு அதைக் குடலிலேயே தங்கவைத்துவிடும். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் போடும் பான்டாப்ரசோல் வகை மாத்திரைகளும் இதன் வேலையைக் கெடுக்கும். நான் விழுங்கியதில் உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான்.

இதை மாத்திரை எழுதும் அன்றே ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்லவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சொல்லாததால் எத்தனை பேருக்கு அளவு ஏறிக்கொண்டே போகிறதோ!

இப்போது எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை. பிறகு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சமையலைப் பாதி முடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து மாத்திரையை இரவுக்கு மாற்றினேன். இரண்டுக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் முடியவே முடியாதவர்கள், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மாத்திரை டப்பாவை அடுப்படியிலிருந்து எடுத்து படுக்கையறை அலமாரியில் வைத்தேன். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது.

அடுத்த முறை 9. மாத்திரையின் அளவை 75 மைக்ரோகிராம் ஆக்கினார். அதற்குப் பிறகு 2.8. குளிரும் மலச்சிக்கலும்தான் முதலில் விலகின. பிறகு குரல் திரும்பியது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் தானாகக் கணக்கைத் திருத்திக்கொண்ட அன்று, நான் சொன்னது அங்கே கேட்கிறது என்று அவ்வளவு சந்தோஷம். ரத்தப்போக்கு சீரானது, ஏறியிருந்த கொலஸ்ட்ராலும் இறங்கியது. முடிக்கு மட்டும் பல மாதம் ஆனது. எடையில் குறைந்தது மூன்று கிலோ. தைராய்டால் ஏறுவது பெரும்பாலும் உப்பும் நீரும்தான், அவ்வளவுதான் இறங்கும். மெலிவதற்காக மாத்திரையை அதிகமாகப் போட்டால் படபடப்பு வரும், எலும்பு தேயும்.

கொத்தமல்லி விதை ஊறவைத்த தண்ணீர் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று உறவில் ஒருவர் அன்போடு சொன்னார். குடிக்கலாம், தப்பில்லை, மாத்திரையை விடக்கூடாது. தைராய்டுக்கு ஆகாது என்று சொல்லப்படும் முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் சமைத்து அளவாகச் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்தவேண்டும். பயோட்டின் பரிசோதனை எண்களையே மாற்றிக் காட்டிவிடும்.

இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் தங்கையையும் பரிசோதிக்கச் சொன்னேன். அவளுக்கு டிஎஸ்ஹெச் 7. குழந்தைக்குத் திட்டமிடுகிறாள் என்பதால் அவளுக்கும் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். கருவின் மூளை வளர்ச்சிக்கு முதல் சில மாதங்கள் அம்மாவின் தைராக்சின்தான் ஆதாரம். கர்ப்பத்தில் மாத்திரையின் தேவை கால்பங்குக்கு மேல் கூடுவது சாதாரணம். அதனால் கர்ப்பம் உறுதியான அன்றே மருத்துவருக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன், அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம் என்று.