நீயா, நீங்களா?

ஷேக்ஸ்பியர் கால நாடகம் படிக்க வரும் பிள்ளைகள் முதலில் மிரள்வது 'தௌ' (thou), 'தீ' (thee), 'தை' (thy) என்ற அந்தக் கால ஆங்கிலச் சொற்களைப் பார்த்துத்தான். கைடு புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் இன்றைய 'யூ' (you)தான் பொருள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை இது. தௌ என்றால் நீ, யூ என்றால் நீங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கா இது புரியாது?

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம், 3ஆம் அங்கம், 4ஆம் காட்சி. தாய் கெர்ட்ரூட் 'தௌ' போட்டு, "நீ உன் அப்பாவை ரொம்பவே நோகடித்துவிட்டாய்" என்கிறாள். அவள் சொல்லும் அப்பா, புதுக் கணவன் கிளாடியஸ். மகன் அதே வரியை 'யூ' போட்டுத் திருப்பித் தருகிறான்: "அம்மா, நீங்கள்தான் என் அப்பாவை நோகடித்தீர்கள்." இவன் சொல்வது செத்துப்போன அப்பாவை. உடனே அவளும் 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். கோபம் வந்தால் நம் வீட்டு அம்மாக்கள் "சொல்லுங்க சார்" என்பார்களே, அந்தக் குளிர்!

'கிங் லியர்' நாடகத்தில் லியர் மன்னனிடம் அவனுடைய விசுவாசப் பிரபு கெண்ட் செய்வது இதற்கு நேர் எதிர். சபை நடுவே அரசனைத் 'தௌ' என்கிறான், கூடவே 'கிழவா' என்றும். அப்புறம், காதலர்களும் தௌ சொல்வார்கள், கடவுளையும் தௌ என்றுதான் அழைப்பார்கள். அதையும் நாம் அறிவோம்.

அசைடு (மேடையில் மற்றவர் காதில் விழாததுபோல் ஒதுங்கிச் சொல்வது), சொலிலக்கி (தனிமொழி) எல்லாம் தேர்வுக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும். செமஸ்டருக்குப் படிப்பவர்கள், தௌ யூவாக மாறும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.