தற்காலிக விரிவுரையாளரின் நாட்குறிப்பு

3 பிப்ரவரி 2025

சேலத்தை அடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையில் தற்காலிக உதவிப் பேராசிரியராக இன்று சேர்ந்தேன். மே இறுதிவரை வேலை. மாதம் 22,000 ரூபாய் தொகுப்பூதியம். ஏழாவது ஊதியக் குழுவின்படி நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லியிருக்கிறது.

எனக்குக் கொடுத்திருக்கும் பாடம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதாவது பொருள்களின் வலிமை பற்றிய பாடம். அதனுடன் ஆய்வகமும் உண்டு.

20 பிப்ரவரி

துறையில், கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வுக் குழு பற்றிய பேச்சே ஓடுகிறது. 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 2018இல் ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 20 மாணவருக்கு ஒருவர் எனத் தளர்த்தியது. அப்படியும் ஒருவர் பெயரே பல கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்ததை ஊழலுக்கு எதிராகச் செயல்படும் அறப்போர் இயக்கம் சென்ற ஆண்டு ஜூலையில் வெளிக்கொணர்ந்தது. பட்டியலில் ஆள் இருப்பது வேறு, வகுப்பில் ஆள் நிலைப்பது வேறு என்பதை யாராவது கேட்க வேண்டும்.

12 மார்ச்

இன்று இழுவிசைச் சோதனை. 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை யுடிஎம் எனப்படும் சோதனை இயந்திரத்தின் பிடியில் மாட்டி, 60 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு புள்ளிகள் குத்தி, விசையை ஏற்றினோம். பாதியில் கம்பி பிடியிலிருந்து வழுக்கியது. "பிடியோட முழு நீளத்துக்கும் கம்பியை விடணும் சார், முன்னாடி இருந்த மேடம் அப்படித்தான் செய்வாங்க" என்றார் ஆய்வக உதவியாளர் அண்ணன். அவர் சொன்னபடியே மாட்டியதும் கம்பி ஓரிடத்தில் மெலிந்து, சட்டென்று அறுந்தது. இரு துண்டுகளையும் பொருத்தி ஒரு மாணவி அளந்தாள்: 70 மில்லிமீட்டர், அதாவது சுமார் 16.7 விழுக்காடு நீட்சி. எஃப்இ 500 என்ற இந்த வலிமைத் தரக் கம்பிக்கு இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தது 12 விழுக்காடுதான் என்றபோது, தன் வீட்டுக் கான்கிரீட்டுக்கு வாங்கிய கம்பியையும் கொண்டுவரலாமா என்று அவள் கேட்டாள்.

அந்த மேடமும் தற்காலிகமாக வந்தவர்தானாம். இயந்திரத்தின் போக்கு, மாணவர்கள் தடுமாறும் இடம், எந்தக் கணக்கை எந்தச் சோதனையோடு இணைத்தால் புரியும் என்பதெல்லாம் ஒரே பாடத்தை இரண்டு மூன்று முறை நடத்திய பிறகே கைவருகின்றன. பருவத்துக்கு ஓர் ஆசிரியர் என்று மாற்றிக்கொண்டே இருக்கும் துறையில் ஒவ்வொரு தொகுதி மாணவரும் முதல்முறை நடத்துபவரிடமே படித்துவிட்டுப் போகிறார்கள். ஊதியக் குறைவை விட இது என்னை அதிகம் வருத்துகிறது.

9 ஏப்ரல்

அகமதிப்பீட்டுத் தேர்வுத் தாள்கள், வருகைப் பதிவு, பாடக்கோப்பு. வேறொன்றுக்கும் நேரமில்லை.

8 மே

அடுத்த ஆண்டும் இதே பாடத்தை எனக்குத் தர முடியுமா என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். கலந்தாய்வு முடிந்து எத்தனை இடங்கள் நிரம்புகின்றன என்று பார்த்த பிறகே சொல்ல முடியும் என்றார். அவர் கையில் அதற்கு மேல் இல்லை. ஆய்வகம் சார்ந்த பாடங்களை நடத்துவோரையாவது குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு நியமிக்க வேண்டும், விடுமுறை மாதங்களுக்கும் ஊதியம் தர வேண்டும் என்று கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, துறையின் மற்றத் தற்காலிக ஆசிரியர்களிடமும் கையொப்பம் பெற்று, இன்று மாலை அலுவலகத்தில் கொடுத்தேன்.