காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று

மே 5, 2025, திங்கள்

நாளை பாப்பாவுக்கு அறுவை சிகிச்சை. எட்டு வயதாகிறது. வலப்பக்கத் தாடை எலும்பு வளராததால் முகவாய் அந்தப் பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. வலக்காது பிறந்தபோதே சுருங்கிய ஒரு மடிப்புதான்.

ஹெமிஃபேஷியல் மைக்ரோசோமியா. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவுக்கு அடுத்து, முகத்தில் பிறவியிலேயே வரும் குறைகளில் அதிகம் காணப்படுவது இதுதான்.

“கிரகணத்தன்று வெளியே போனாயா?” பிரசவ அறைக்கு வெளியே அத்தை கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. மருத்துவர் இன்று வெள்ளைத்தாளில் படம் போட்டுக் காட்டினார். கரு உருவாகி நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள், தாடையும் காதும் அருகருகே உள்ள இரண்டு திசு வளைவுகளிலிருந்து உருவாகின்றன. அங்கே தடை ஏற்பட்டால் இரண்டும் சேர்ந்தே குன்றும். பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்வதில்லை. நாள் தள்ளிப்போயிருக்கிறதோ என்று நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை! தாளைக் கேட்டு வாங்கி வந்தேன்.

மே 7

நல்லபடியாக முடிந்தது. முகம் வீங்கியிருக்கிறது. கேழ்வரகுக் கூழ் மட்டும்.

மே 11, ஞாயிறு

தாடை எலும்பை அறுத்து, அதை மெல்ல நீட்டும் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். அறுத்த இடத்தில் இளந்திசு பிடிக்க ஐந்து நாள் விட்டு, இன்று முதல் இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். அவசரப்பட்டால் இடைவெளியில் எலும்பு பிடிக்காது. தாமதித்தால் முன்னதாகவே ஒட்டிக்கொள்ளும். கால் எலும்புக்காக ரஷ்யாவில் இலிசாரோவ் என்ற எலும்பு மருத்துவர் வகுத்த முறை இது. குழந்தைகளின் தாடையை இப்படி நீட்டியதை நியூயார்க்கின் அறுவை மருத்துவர் மெக்கார்த்தியின் குழு 1992இல் வெளியிட்டது.

காதுக்குக் கீழே மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. சாவியை மாட்டி, அம்புக்குறிப் பக்கம் ஒரு முழுச் சுற்று. அரை மில்லிமீட்டர். பாப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். சாவியை எடுத்த பிறகுதான் என் விரல்கள் நடுங்கின.

மே 17

இப்போது அவளே நேரம் சொல்கிறாள். கம்பி தோலைத் துளைத்து வரும் இடத்தைச் சுத்தம் செய்யும்போது மட்டும் முகம் சுளிக்கிறாள்.

மே 24, சனி

பதினான்கு நாள், பதினான்கு மில்லிமீட்டர். சுற்றுவது இன்றோடு நின்றது. மூக்கின் நடுவிலிருந்து மருத்துவர் நூல் பிடித்தார். முகவாய் நூலுக்கு நேராக வந்திருக்கிறது.

வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இப்போது சேரவில்லை. மேல்தாடை மெல்ல இறங்கி வரவேண்டும். புது எலும்பு கெட்டிப்படச் சில மாதங்கள் கருவி உள்ளேயே இருக்கும். வளர்கிற வயது, பிற்பாடு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்றும் சொன்னார். பத்து வயதையொட்டி விலா எலும்பின் குருத்தெலும்பில் காது செய்யலாம். அதுவரை எலும்பு வழியாக ஒலி கடத்தும் கருவி, தலைப்பட்டையில்.

இரவு அத்தையிடம் அந்தத் தாளைக் காட்டினேன். விரல்விட்டு மாதங்களை எண்ணினார். “சித்திரைத் திருவிழாவுக்கு அந்த வெயிலில் உன்னை நான்தானே இழுத்துக்கொண்டு போனேன்?” குரல் உடைந்துவிட்டது.

“அதுவும் காரணமில்லை, அத்தை” என்றேன். அவர் தாளை மடித்துத் தன் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.